“குழந்தைக்கு எத்தனை மாதம்?”: பிரசவத்திற்குப் பின் வந்த தைராய்டு

என் மகள் பிறந்து மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய சட்டையின் முதுகுப்புறப் பொத்தானை மாட்ட முயன்றபோது என் விரல்கள் நடுங்கி, பொத்தான் துளைக்குள் போகாமல் நழுவிக்கொண்டே இருந்தது. அவள் உறங்கிய பிறகு அசையாமல் படுத்திருந்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்தது. வயிறு நிறையச் சாப்பிட்டும் எடை குறைந்தது. காரணமே இல்லாமல் வியர்த்தது. இரவுத் தூக்கம் கெட்டதால் வந்த வினை இது என்று நானும் நம்பினேன். “பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்” என்றார் அம்மா. ஐந்தாவது மாதத்தில் படபடப்பு தானாகவே அடங்கியது. அப்போது எடுத்த இரத்தப் பரிசோதனையிலும் தைராய்டு அளவுகள் இயல்பாக இருந்ததால், அந்த விஷயத்தை அத்துடன் மறந்துவிட்டேன்.

ஏழாவது மாதத்தில் எல்லாம் தலைகீழாக மாறியது. மற்றவர்கள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்க நான் போர்வை தேடினேன். மலச்சிக்கலும் தோல் வறட்சியும் சேர்ந்துகொண்டன. குழந்தை அழுவது காதில் விழுந்தும் எழுந்து செல்ல உடம்பு ஒத்துழைக்காமல் சில விநாடிகள் அப்படியே கிடந்த நாள்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது, ஏனென்றால் அதை என்னுடைய பாசக் குறைவு என்றே அப்போது எண்ணினேன்.

பிறகு நான் சந்தித்த மருத்துவர் அறிக்கையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி, “குழந்தைக்கு எத்தனை மாதம்?” என்பதுதான். இந்த நோயைப் புரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த கேள்வி இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு வந்தது பிரசவத்திற்குப் பிந்தைய தைராய்டு அழற்சி. கருவில் வளரும் குழந்தையை உடல் அந்நியமாகக் கருதித் தாக்கிவிடக் கூடாது என்பதற்காகக் கர்ப்பகாலத்தில் நோய் எதிர்ப்பு அமைப்பு சற்றே தணிந்திருக்கும். பிரசவம் முடிந்ததும் அது வேகத்துடன் மீண்டெழும்போது, தைராய்டைத் தாக்கும் இயல்பு ஏற்கெனவே உள்ள பெண்களின் கழுத்திலுள்ள அந்தச் சுரப்பியைத் தாக்குகிறது. சுரப்பி பல வாரங்களுக்குத் தேவையான ஹார்மோனை எப்போதும் சேமித்து வைத்திருக்கும். அழற்சியால் திசுக்கள் சிதையும்போது அந்தச் சேமிப்பு இரத்தத்தில் கசிந்து கலக்கிறது. படபடப்பும் நடுக்கமும் அப்போது வருபவை. சேமிப்பு தீர்ந்த பின், சேதமடைந்த சுரப்பியால் புதிதாகப் போதுமான அளவு சுரக்க முடியாததால் சோர்வும் குளிரும் வருகின்றன. கழுத்தில் வலி இருக்காது என்பதால் சுரப்பியின் மீது யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

முதல் கட்டம் பெரும்பாலும் பிரசவமான 1 முதல் 6 மாதங்களுக்குள்ளும், இரண்டாவது கட்டம் 4 முதல் 8 மாதங்களுக்குள்ளும் தொடங்குகிறது. இரண்டையும் என்னைப் போல் வரிசையாகக் கடப்பவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு ஏதேனும் ஒரு கட்டம் மட்டுமே வரும். டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்ட அனுப்பும் ஹார்மோன்; இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் இது தாழும், குறைந்தால் உயரும். இதன் அளவு பொதுவாக 0.4 முதல் 4.0 mIU/L வரை இருக்க வேண்டும். முதல் கட்டத்தில் அது மிகவும் தாழ்ந்து, இரண்டாவது கட்டத்தில் உயர்கிறது. தாழ்விலிருந்து உயர்வுக்குச் செல்லும் வழியில் சில காலம் இயல்பான எல்லையையும் கடந்துதானே ஆக வேண்டும்? என்னுடைய ஐந்தாம் மாத அறிக்கை சரியாக அந்த இடைவெளியில் எடுக்கப்பட்டது. அந்த அறிக்கை தவறில்லை. அது அந்த வாரத்துக்கான பதில் மட்டுமே. அறிகுறிகள் தொடர்ந்தாலோ மாறினாலோ 6 முதல் 8 வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்திருக்க வேண்டும்.

மருத்துவர் கேட்ட இன்னொரு கேள்வி நான் எதிர்பாராதது: “முடி கொட்டுவதற்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” பிரசவத்திற்குப் பின் முடி கொட்டுவது இயல்பு, அதற்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுப்பவர்களும் பலர். அந்தப் பயோட்டின் சில பரிசோதனை முறைகளில் குறுக்கிட்டு, டி.எஸ்.எச். குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அதிகமாகவும் இருப்பதுபோல் பொய்யாகக் காட்டிவிடும். குறைந்தது இரண்டு நாள்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட்டு இரத்தம் கொடுக்கும்படி சொன்னார்.

முதல் கட்டத்திலேயே கண்டறியப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரேவ்ஸ் நோயிலும் இதே படபடப்பு வரும்; ஆனால் அங்கே சுரப்பி உண்மையிலேயே அதிகமாகச் சுரக்கிறது, இங்கே இருப்பு கசிகிறது. ஆகவே சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் போன்ற மருந்துகளால் இதில் பயனில்லை. படபடப்பு மிகுந்தால் புரோப்ரனலால் போன்றவற்றைச் சிறிது காலம் தருவார்கள்.

எனக்கு டி.எஸ்.எச். உயர்ந்திருந்ததால், குறைந்த தைராய்டு ஹார்மோனை ஈடுசெய்யும் தைராக்சின் மாத்திரை தொடங்கப்பட்டது. தாய்ப்பால் கொடுக்கும்போது அதை எடுப்பது பாதுகாப்பானது என்று மருத்துவர் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது. காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தேன். பிரசவித்த பெண்கள் பெரும்பாலும் இரும்புச்சத்தும் கால்சியமும் சாப்பிடுகிறார்கள்; அவற்றுக்கும் தைராக்சினுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையென்றால் மருந்து சரியாக உடலில் சேராது.

நூறு பெண்களில் ஏறத்தாழ 5 பேருக்கு இது வருகிறது. டிபிஓ ஆன்டிபாடி (தைராய்டுக்கு எதிராக உடலே உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) இரத்தத்தில் உள்ளவர்களுக்கும், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு மிக அதிகம். பிரசவத்திற்குப் பின் மனச்சோர்வு என்று சிகிச்சை தொடங்குபவர்களும் ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்துவிடுவது நல்லது. பிரசவத்தில் அளவுக்கு மீறி இரத்தம் போய், பாலும் சுரக்காமல் இருந்தவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் போதாது, பிட்யூட்டரி பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால் டி4 அளவையும் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் சுரப்பி மீண்டுவிடுகிறது, ஒரு பகுதியினருக்கு மாத்திரை நிரந்தரமாகிறது. எனக்கு ஓராண்டுக்குப் பின் மருத்துவரின் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். ஆண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கிறேன். அடுத்த பிரசவத்திற்குப் பிறகு மீண்டும் வரும் வாய்ப்பு 70 சதவீதம் வரை உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் மகளுக்கு அப்போது எத்தனை மாதம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.