மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

"கண்ணை மூடினால் எரிகிற வீடுதான் தெரிகிறது" என்று அம்மா சொல்கிறார். "தலைவலியாம்" என்று மருத்துவரிடம் சொல்கிறான் மகன். அகதி இளைஞர்களோடு நாங்கள் நடத்திய பங்கேற்பு அரங்கில், 17 வயதுப் பையன் ஒருவன் தன் வாழ்விலிருந்து எடுத்துத் தந்த காட்சி இவ்வளவுதான். மருத்துவரின் முகத்தைப் பார்க்காமல், மேசை விளிம்பை நகத்தால் சுரண்டியபடியே நடித்தான்.

பார்வையாளரே மேடையேறிக் காட்சியை மாற்றிப் பார்க்கும் நாடக வடிவம் விவாத அரங்கு. அதன் வழக்கப்படி காட்சியை மறுபடியும் நடத்தினோம். "நிறுத்து" என்று குரல் கொடுத்து, நான்கு பேர் ஒவ்வொருவராக வந்து அவன் இடத்தில் நின்றார்கள். அதில் ஒரு பெண் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள், பலத்த கைதட்டல். முடிந்ததும் அவன் என்னிடம், "அப்படியென்றால் நான் செய்தது தப்பா?" என்று கேட்டான். "இங்கே சரி, தப்பு என்று எதுவும் இல்லை" என்றேன். பயிற்சியில் கற்ற பதில். சொல்லும்போதே அது பதிலல்ல என்று தெரிந்தது.

ஒடுக்கப்பட்டவரின் இடத்தில்தான் பார்வையாளர் நிற்கலாம், ஒடுக்குபவரை நல்லவராக மாற்றிக் காட்டக் கூடாது என்பது இந்த அரங்கின் விதி. அது நியாயமான விதிதான். ஆனால் இந்தக் காட்சியில் ஒடுக்குபவர் யார்? மருத்துவர் கேள்விதானே கேட்டார்! பிள்ளையை மொழிபெயர்ப்பாளனாக்கிய ஏற்பாடு மேடையிலேயே இல்லை. ஆகவே "வேறு என்ன செய்திருக்கலாம்?" என்ற எங்கள் கேள்வி முழுவதும் அவன் தலையில் விழுந்தது. 1971இல் பிரேசிலில் சித்திரவதைக்கு உள்ளாகி நாட்டைவிட்டு வெளியேறிய நாடக இயக்குநர் அகஸ்தோ போவால், 1973இல் பெருவில் எழுத்தறிவுப் பணியின்போது உருவாக்கிய வடிவம் இது. நாடிழந்தவர் கண்டது நாடிழந்தவர்களுக்குப் பொருந்தாமலா போகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதும் முழுக்க மறுக்க மனம் வரவில்லை. அடுத்த முறையும் அம்மாவோடு அவன்தான் போகப்போகிறான்; ஒத்திகை தேவைதானே?

இருந்தாலும், எரிந்தது அவனுடைய வீடும்தான் என்பது எனக்கு உறைக்க இரண்டு நாட்கள் ஆயின. அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்க வேண்டுமானால், அதை அவன் தன் வாயால் சொல்லியாக வேண்டும். கைதட்டல் வாங்கிய பெண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்த வாரம் மருத்துவராக நடிக்கிறேன் என்றான். விதியை மீறி அனுமதித்தேன். குற்ற உணர்ச்சியாலா என்று கேட்டால் மறுக்க மாட்டேன். நாற்காலியில் அமர்ந்தவன் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. மகனாக நடித்தவனைப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளியே இரு" என்றான். பிறகு யார் மொழிபெயர்ப்பது என்று யாரோ கேட்டார்கள். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை, நானும்தான்.