ராவத்பாட்டாவில் ஒரு வருஷம்: அணுமின் நிலையத்தில் என் முதல் வேலை

என்.பி.சி.ஐ.எல். (இந்திய அணுமின் கழகம்) வேலையைப் பற்றிக் கல்லூரி ஜூனியர்கள் போன் செய்தால் கேட்பது மூன்றே விஷயம்: கேட் (GATE, பொறியியல் பட்டதாரிகளுக்கான தேர்வு) ஸ்கோர் எவ்வளவு வேண்டும், பாண்ட் எத்தனை வருஷம், சம்பளம் என்ன. அதை முதலில் முடித்துவிடுகிறேன். கட்-ஆஃப் வருஷத்துக்கு வருஷம் மாறும், மெக்கானிக்கலுக்கு ஒன்று, எலெக்ட்ரிகலுக்கு ஒன்று. அந்த ஸ்கோர் உங்களை இன்டர்வியூ வாசல் வரைக்கும்தான் கூட்டிப்போகும். உள்ளே போன பிறகு இன்டர்வியூ மதிப்பெண்தான் எல்லாம். பயிற்சி ஒரு வருஷம், அதற்குப் பிறகு மூன்று வருஷம் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் சயின்டிபிக் ஆபீசர் 'சி', லெவல் 10, அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய்.

அந்த ஒரு வருஷத்தில் என்ன நடக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்கு அதைச் சொல்லத்தான் ஆசை.

நான் மெக்கானிக்கல். என்.பி.சி.ஐ.எல். இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தபோது நியூட்ரான், பிளவு, கிராஸ் செக்‌ஷன் என்று ராப்பகலாகப் படித்துவிட்டுப் போனேன். அதிலிருந்து ஒரு கேள்வி வரவில்லை. "பிடித்த பாடம் எது?" என்றார்கள். தெர்மோடைனமிக்ஸ் என்றேன். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் ராங்கின் சைக்கிள்தான், அதாவது தண்ணீரை நீராவியாக்கி டர்பைனைச் சுற்றி மறுபடி தண்ணீராக்கும் சுழற்சி.

வரைபடம் போடச் சொன்னார்கள், போட்டேன். நிலக்கரி நிலையத்தில் நீராவி 500 டிகிரிக்கு மேல் சூடாகி டர்பைனுக்குப் போகிறது. எங்கள் வகை அணுமின் நிலையத்தில் 250 டிகிரிதான், அதுவும் சூப்பர்ஹீட் இல்லாத ஈர நீராவி. ஏன், இன்னும் சூடேற்றினால் என்ன என்று கேட்டார்கள். எனக்கு ரியாக்டர் தெரியாது. ஆனால் தண்ணீரைக் கொதிக்கவிடாமல் சூடேற்ற வேண்டுமானால் அழுத்தத்தை ஏற்ற வேண்டும், அழுத்தத்தை ஏற்றினால் குழாய் தாங்க வேண்டும் என்பது தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு நானே படிப்படியாகப் போனேன். அவர்களும் ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வியை எடுத்துப் போட்டார்கள். ஈர நீராவி டர்பைனுக்குள் விரிந்தால் என்ன ஆகும்? நீர்த்துளி பிளேடை அரிக்கும். அப்படியானால் நடுவில் என்ன வைப்பாய்? ஈரத்தைப் பிரித்து, மறுபடி சூடாக்கி, லோ பிரஷர் டர்பைனுக்கு அனுப்புவேன். செயல்திறன் எவ்வளவு வரும்? முப்பதுக்குள் என்றேன். பிறகுதான் தெரிந்தது: 220 மெகாவாட் யூனிட்டில் ரியாக்டர் தரும் வெப்பம் சுமார் 756 மெகாவாட், அதாவது 29 சதவீதம் அளவில்தான் மின்சாரமாகிறது.

எதையோ மனப்பாடம் செய்துவிட்டுப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் பாடத்தில் நீங்கள் எவ்வளவு தூரம் கால் வைத்து நடக்க முடிகிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

செலக்‌ஷன் ஆன பிறகு மெடிக்கல், போலீஸ் வெரிஃபிகேஷன். அதற்கு ஆகிற காலம் ஆகும், பொறுத்திருப்பதைத் தவிர வழியில்லை.

எனக்குப் பயிற்சி மையமாக ராவத்பாட்டா வந்தது. ராஜஸ்தான், சம்பல் ஆற்றங்கரை, ராணா பிரதாப் சாகர் அணை. கோட்டாவில் ரயில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். கோட்டா என்றால் நம்மூர்க்காரர்களுக்கு ஐஐடி கோச்சிங்தான் ஞாபகம் வரும். ஸ்டேஷனில் பெட்டியோடு நின்ற என்னையும் ஒரு ஆட்டோக்காரர் கோச்சிங்குக்கு வந்த பையன் என்று நினைத்து ஹாஸ்டல் காட்டட்டுமா என்று கேட்டார்.

இந்த இடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. முதல் யூனிட் கனடாவின் உதவியோடு கட்டி 1973-ல் ஓட ஆரம்பித்தது. அடுத்த வருஷம் பொக்ரான் சோதனை நடந்தது, கனடா கையை உதறிவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது யூனிட்டை நம் ஆட்களே முடித்து 1981-ல் ஓட்டினார்கள். எங்களுக்கு வகுப்பெடுத்த மூத்தவர்களின் பேச்சில் அந்தத் தலைமுறையின் பிடிவாதம் இன்னும் இருக்கிறது. ஒரு வால்வுக்கு உதிரி பாகம் இல்லை என்றால் முகம் சுளிக்கமாட்டார்கள், அதை எப்படிச் செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் மாதங்கள் வகுப்பு, பரீட்சை, வகுப்பு, பரீட்சை. ரியாக்டர் பிசிக்ஸ், கனநீர் (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணீர்), கதிர்வீச்சுப் பாதுகாப்பு, எலெக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்டேஷன், எல்லாப் பிரிவுக்காரர்களுக்கும் எல்லாம் உண்டு. ஹாஸ்டலில் வங்காளி, தெலுங்கர், உ.பி.க்காரர் எல்லோரும் கலந்துதான் இருந்தோம். சோறு தேடினால் கிடைக்கும், ரசம் மட்டும் கிடைக்காது. வகுப்பு ஆங்கிலத்தில். ஆனால் பிளான்ட்டுக்குள் போனால் டெக்னீஷியன் பேசுவது இந்திதான். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி எந்த மேனுவலிலும் இல்லை என்பதால் இந்தியை நானே வலியப் போய்க் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ரியாக்டர் படுத்துக் கிடக்கும் ஒரு பெரிய டிரம். அதை கலாண்ட்ரியா என்பார்கள். அதன் குறுக்கே 306 சானல்கள், ஒவ்வொன்றிலும் 12 எரிபொருள் பண்டில்கள். இயற்கை யுரேனியம்தான், செறிவூட்டியது கிடையாது. அதனால்தான் கனநீர் வேண்டியிருக்கிறது, அதனால்தான் ரியாக்டரை நிறுத்தாமலே, ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெஷின் வந்து கவ்வி, ஒரு பக்கம் புது பண்டிலைத் தள்ளி மறுபக்கம் பழையதை வாங்கிக்கொள்கிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது நம்பவில்லை, நேரில் பார்த்தபோதும் முழுசாக நம்ப முடியவில்லை.

வகுப்பு முடிந்து பிளான்ட்டுக்குள் அனுப்பினார்கள். படிப்பு தொடங்கியது அங்கேதான்.

வேலைக்குப் பெயர் லைன் ட்ரேசிங். கையில் ஃப்ளோ ஷீட் (குழாய்களின் வரைபடம்), தலையில் ஹெல்மெட். ஒரு பம்ப்பிலிருந்து கிளம்பும் குழாயைப் பிடித்துக்கொண்டு அது போகும் வழியெல்லாம் போக வேண்டும். சுவருக்குள் நுழைந்தால் அடுத்த அறையில் தேட வேண்டும், தரைக்குள் இறங்கினால் கீழ்த்தளத்துக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு வால்விலும் ஒரு தகடு, அதில் ஒரு எண். 32 என்று தொடங்கினால் மாடரேட்டர் (நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் கனநீர்), 33 என்றால் எரிபொருளின் வெப்பத்தை எடுத்துப்போகும் முதன்மைச் சுற்று, 71 என்றால் தண்ணீர் சிஸ்டங்கள். இப்படி ஒரு சிஸ்டம் முடித்ததும் அதற்குப் பொறுப்பான இன்ஜினியரிடம் போய் நிற்க வேண்டும். அவர் வெள்ளைத் தாளைத் தள்ளுவார். பார்க்காமல் வரைய வேண்டும். வரைந்த பிறகுதான் கேள்வி. "இன்ஸ்ட்ருமென்ட் ஏர் (வால்வுகளை இயக்கும் அழுத்தக் காற்று) போய்விட்டது. இந்த வால்வ் திறக்குமா, மூடுமா? ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள்? கிளாஸ் ஃபோர் போனால் இந்த பம்ப் ஓடுமா?"

கிளாஸ் என்பது மின்சாரத்தின் சாதி. ஃபோர் வெளியிலிருந்து வரும் கிரிட் மின்சாரம். த்ரீ அது போனால் டீசல் ஜெனரேட்டர் தருவது. டூவும் ஒன்றும் பேட்டரியின் பலத்தில் நிற்பவை. எந்த உபகரணம் எந்த கிளாஸில் இருக்கிறது என்பதிலேயே அதன் முக்கியத்துவம் தெரிந்துவிடும். பதில் திருப்தியாக இருந்தால் செக்லிஸ்ட்டில் கையெழுத்து. இல்லாவிட்டால் "பார்த்துவிட்டு வா". திட்டு கிடையாது. ஆனால் அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் மறுபடி நாலு மாடி ஏற வேண்டும்.

இவ்வளவு நடை எதற்கு என்று எல்லா ட்ரெய்னிக்கும் ஒரு கட்டத்தில் சலிப்பு வரும். எனக்கு அது தீர்ந்தது நரோரா பற்றிய வகுப்பில்.

1993 மார்ச் 31, அதிகாலை. உத்தரப் பிரதேசம் நரோராவின் முதல் யூனிட். டர்பைனில் இரண்டு பிளேடுகள் முறிந்தன. அந்த அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது, எண்ணெயும் சேர்ந்துகொண்டது. தீ கேபிள்களுக்குப் பரவியது. கேபிள் போனதால் மாற்று மின்சாரம் இருந்தும் போய்ச் சேர வழியில்லை. கன்ட்ரோல் ரூமில் புகை புகுந்து ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ரியாக்டரை உடனே நிறுத்திவிட்டார்கள், ஆனால் ரியாக்டர் என்பது அடுப்பு மாதிரி இல்லை, அணைத்த உடனே குளிராது. நிறுத்திய கணத்தில்கூட முழு வெப்பத்தில் ஆறு ஏழு சதவீதம் வந்துகொண்டிருக்கும். எங்கள் அளவு யூனிட்டில் அது 50 மெகாவாட்டுக்குப் பக்கம். போகப் போகக் குறையும், நிற்காது. 2011-ல் ஃபுகுஷிமாவை உருக்கியதும் இந்த மிச்ச வெப்பம்தான்.

நரோராவில் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரம் இல்லை. ஆபரேட்டர்கள் டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறி, ரியாக்டர் மறுபடி உயிர்பெறாமல் இருக்க போரான் கரைசலை இறக்கும் வால்வுகளைக் கையால் திறந்தார்கள். டீசலில் ஓடும் தீயணைப்பு பம்ப்பைக் கிளப்பி ஸ்டீம் ஜெனரேட்டருக்குள் தண்ணீர் ஏற்றினார்கள். பம்ப் இல்லாமலே சூடான நீர் மேலே ஏறி, குளிர்ந்த நீர் கீழே இறங்கும் இயற்கைச் சுழற்சி மிச்ச வெப்பத்தை எடுத்துப்போனது. கதிர்வீச்சு வெளியே போகவில்லை.

இருட்டு, புகை. அங்கே ஃப்ளோ ஷீட்டை விரித்து வைத்துத் தேட முடியாது, அந்த வால்வ் எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த நாள் நானே கேட்டு வாங்கிக்கொண்டு தீயணைப்புத் தண்ணீர் லைனை முதலிலிருந்து நடந்தேன்.

கதிர்வீச்சைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டில் இருப்பவர்கள் விடமாட்டார்கள். உள்ளே போகும்போது சட்டையில் டிஎல்டி பேட்ஜ் (வாங்கிய கதிர்வீச்சைச் சேர்த்துப் பதிவுசெய்வது), வேண்டிய இடங்களில் அந்த நொடியே எண் காட்டும் டோசிமீட்டர். பகுதிக்குப் பகுதி செருப்பு மாற்ற வேண்டும், வெளியே வரும்போது கை கால் வைத்துச் சோதிக்கும் மானிட்டர். கனநீர் நாளடைவில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொள்ளும், அது மூச்சிலும் தோலிலும் உள்ளே போகும். அதனால் டிரிட்டியம் அதிகமுள்ள அறைகளில் காற்றுக்குழாய் இணைத்த பிளாஸ்டிக் சூட். சோதனைக்குச் சிறுநீர் சாம்பிள் கொடுக்க பாட்டிலும் உண்டு, புதிதாக வந்தவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், சீக்கிரம் பழகிவிடும். வேலைசெய்பவருக்கு அனுமதித்த அளவு ஐந்து வருஷத்தில் 100 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பயிற்சி வருஷத்தில் என் கணக்கில் ஏறியது அதன் கிட்டவே வரவில்லை.

நான் மணவாளக்குறிச்சிப் பக்கம். எங்கள் கடற்கரைக் கருமணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. சிறுவயதில் நான் புரண்டு விளையாடிய மணலில் இருந்தது சாதாரண ஊர்களைவிட அதிகமான இயற்கைக் கதிர்வீச்சு. அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதுவரைக்கும் என்னைப் பற்றி மட்டும் கவலைப்பட்டவள், அன்றிலிருந்து தெரு முழுவதற்கும் கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள்.

அத்தையைச் சமாளிப்பது வேறு விஷயம். அவளைக் கட்டிக்கொடுத்திருப்பது இடிந்தகரையில். கூடங்குளம் போராட்டத்தின்போது பந்தலில் உட்கார்ந்தவள். லீவில் போனபோது சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நரோரா, நான்கு கிளாஸ் மின்சாரம், எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாஞ் சரி மக்ளே. எரிச்சு முடிச்ச சரக்க எங்க கொண்டு வைப்பீங்க? அதச் சொல்லு."

முதலில் தண்ணீர்த் தொட்டியில் பல வருஷம் ஆறவிடுவார்கள், எங்கள் வகை எரிபொருளை மறுசுழற்சி செய்ய ஆலைகள் உண்டு, மிஞ்சும் கழிவைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்குவார்கள், நிரந்தரமாக ஆழத்தில் புதைக்க இந்தியாவில் இன்னும் இடம் கிடையாது என்று உள்ளதைச் சொன்னேன்.

"அப்போ எங்க ஊர்ப் பக்கத்துலதான் கெடக்கு."

"இப்போதைக்கு அங்கதான் அத்தை."

மீனை இன்னொரு துண்டு வைத்தாள். சம்மதித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வேலைக்கு வருபவர்களுக்கு வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். பயிற்சியில் யாரும் கேட்காத கேள்வியை அவர்கள் கேட்பார்கள்.

வருஷக் கடைசியில் எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ, பிறகு போஸ்டிங். விருப்பம் கேட்பார்கள், கிடைப்பது காலியிடத்தைப் பொறுத்தது. ராத்திரி ஷிப்ட் ஒத்துவராது என்றால் மெயின்டனன்ஸ் அல்லது டெக்னிக்கல் சர்வீசஸ் பக்கம் முயற்சி செய்யுங்கள். நான் ஆபரேஷன் கேட்டேன், கர்நாடகத்தின் கைகா கிடைத்தது. காளி நதி, கடும் மழை, காடு. ராஜஸ்தான் வெயிலுக்குப் பிறகு உடம்புக்கு அது பெரிய ஆறுதல். 2018-ல் இங்குள்ள முதல் யூனிட் நிற்காமல் 962 நாள் ஓடி அப்போது உலக சாதனையாயிற்று. ஷிப்டில் அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அதைப் பற்றிக் கேட்டால் டீ ஆறிவிடும்.

கன்ட்ரோல் ரூமில் இப்போதைக்கு நான் பார்வையாளனுக்கு ஒரு படி மேல். பேனலைத் தொட்டு இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மறுபடி செக்லிஸ்ட், எழுத்துத் தேர்வு, நிலையத்துக்குள் நடத்திக் கேட்கும் வாக்-த்ரூ, சிமுலேட்டர், கடைசியில் குழுவின் முன் நேர்காணல். என் பட்டியலில் கையெழுத்தாகாமல் மிஞ்சியிருக்கும் பெரிய சிஸ்டம் எரிபொருள் மாற்றும் மெஷின்தான். அந்த இன்ஜினியர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அவர் பென்சிலால் வரையவிடமாட்டார், பேனாதான் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள்.