அக்காவின் டெபிட் கார்டை ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பிய கதை

அக்காவின் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்குக்கான டெபிட் கார்டு காலாவதியாகும் முன்பே வங்கி புதுக் கார்டை அனுப்பிவிட்டது. வந்ததோ கோயம்புத்தூர் வீட்டுக்கு. அக்கா இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் ஆகாதா என்று அப்பா கேட்டார். கார்டு எண், பின்பக்கத்தில் இருக்கும் சிவிவி ரகசிய எண் எல்லாம் இரண்டு மூன்று போன்களில் கிடப்பதற்குக் கார்டே கடல் தாண்டிப் போகட்டும் என்று முடிவு செய்தோம்.

சொந்தக்காரர் யாராவது அந்தப் பக்கம் போனால் கையில் கொடுத்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்து சிறந்த வழி. அப்படி யாரும் அப்போது போகவில்லை. முகம் தெரியாத ஒருவரின் பெட்டியில் வைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வழியில் கார்டு தொலையலாம், அதை நம்மால் முழுசாகத் தடுக்க முடியாது. தொலைந்தாலும் எடுத்தவருக்கு உபயோகப்படாதபடி செய்வது நம் கையில் இருக்கிறது. 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளின் ஸ்வைப் மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும் நிலையில் வரும். ஆன்லைன், வெளிநாட்டு உபயோகம், மெஷினில் செருகாமல் தட்டிச் செலுத்துவது ஆகியவற்றை நாமாகத்தான் திறந்துவிட வேண்டும். அக்கா தன் வங்கி ஆப்பில் நுழைந்து அவையெல்லாம் மூடியே இருக்கின்றனவா என்று பார்த்தாள். ஏடிஎம், கடை உபயோகத்தையும் சேர்த்து அணைத்தாள். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் ஓடிபி கேட்பதே இல்லை என்பதால் ஆன்லைன் மூடியிருப்பதுதான் இதில் முக்கியம்.

பின் நம்பரை நாங்கள் இங்கே உருவாக்கவே இல்லை. ஆப் வழியாக அங்கிருந்தே வைத்துக்கொள்ள முடியும் என்று வங்கியில் கேட்டு உறுதி செய்துகொண்டாள். அதற்கான ஓடிபி அவளுடைய இந்திய எண்ணுக்குத்தான் வரும், ஆகவே அந்த சிம் ரோமிங்கில் இயங்குகிறதா என்றும் பார்த்தாள். கார்டோடு பின்னை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்து அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப் பணம் போனால் அது வாடிக்கையாளரின் கவனக்குறைவு. வங்கிக்குத் தெரிவிக்கும் வரையான இழப்பு முழுவதும் நம் தலையில்தான்.

அப்புறம் பேக்கிங். வங்கியின் உறையை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். வெறும் கவருக்குள் கார்டு இருந்தால் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடலாம். அதனால் இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே ஒட்டி, அதை நாலைந்து தாள்களுக்குள் மடித்து, பெரிய கவரில் போட்டேன். அட்டை இருந்தால் கார்டு வளையாது, சிப்பும் தப்பிக்கும்.

முதலில் போன கூரியர் கடையில் வங்கிக் கார்டு எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்குமெண்ட் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். பொய் சொல்லி அனுப்பியது வழியில் தொலைந்தால் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? தபால் அலுவலகத்தில் உள்ளே இருப்பதைச் சொன்னேன். சர்வதேச ஸ்பீட் போஸ்டில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் 'ஐஎன்' என்று ஒரு டிராக்கிங் எண் கிடைத்தது.

நான் எதிர்பார்க்காத சிக்கல் முகவரியில் இருந்தது. ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் எழுதுவதில்லை. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் திரும்பிவிடும். நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, பெட்டியில் அத்தான் பெயர் ஒட்டியிருக்கிறது, கார்டில் வெறும் இனிஷியல். நான் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதினேன், அக்கா பெட்டியில் அதே பெயரில் இன்னொரு சீட்டு ஒட்டினாள். அது வீண்போகவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் தபால்காரர் வந்து சீட்டு வைத்துவிட்டுப் போக, அவள் தபால் கிளைக்குப் போய் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வாங்கினாள்.

அன்று மாலையே பின் நம்பர் வைத்து, தேவையானதை மட்டும் திறந்துவிட்டாள். பழைய கார்டைச் சிப்போடு சேர்த்து வெட்டிப் போட்டாயிற்று. அடுத்த முறை கார்டு நேராக அங்கேயே வரட்டும் என்று வங்கியில் தொடர்பு முகவரியை மாற்ற விண்ணப்பித்திருக்கிறாள்.