துருவை விட ஆபத்து சூடு: பழைய கருவிகள் பட்டறைக் குறிப்பு

ஜனவரி 6
மேசையில் ஒரு மண்வெட்டி, ஒரு கோடாலி, இரண்டு கருக்கரிவாள் (பல் வெட்டிய அரிவாள்), ஒரு களைக்கொத்து. சுத்தம் செய்யும் முன் ஒவ்வொன்றையும் நூலில் தொங்கவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் சரி. 'தொப்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கலாம். பெரும்பாலும் காம்பு நுழையும் கண்ணின் மூலையில்தான் இருக்கும். களைக்கொத்து அப்படித்தான் சத்தம் போட்டது, கண்ணோரம் மயிரிழைபோல ஒரு கோடு. அதை ஒதுக்கியாயிற்று.

மற்றவற்றின் காம்பைக் கழற்றி, மண்ணைக் கழுவி, பிளாஸ்டிக் தொட்டியில் 5% வினிகருக்குள் முழுக்க மூழ்க வைத்தது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திரவமும் காற்றும் சந்திக்கும் இடத்தில் இரும்பை அரித்துக் கோடு விழுந்துவிடும். துத்தநாகப் பூச்சுள்ள கருவியை இதில் போடக் கூடாது. துருவுக்கு முன் பூச்சு போய்விடும்.

ஜனவரி 7
24 மணி நேரம் ஆனது. துரு கறுப்புச் சேறாகி, கம்பி பிரஷ்ஷுக்கு வழிவிட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நல்ல இரும்பையும் தின்று, தொட்டால் சொரசொரக்கும். எடுத்ததும் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, துடைத்து, உடனே எண்ணெய். இங்கே சோம்பினால் சில நிமிடங்களில் மஞ்சள் துரு பூத்துவிடும்.

ஜனவரி 9
முனை தீட்டல். அரம் மட்டும்தான், மின்சாரத்தில் சுழலும் ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம். அதன் சூட்டில் விளிம்பு நீலமானால் வெப்பம் 300 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கிறது என்று அர்த்தம். கொல்லர் காய்ச்சி முக்கிக் கொடுத்த கடினம், அதாவது தோய்ச்சல், அந்த இடத்தில் இளகிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் ஏறிய பகுதியை முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி உலைக்குத்தான்.

அரம் தள்ளும்போது மட்டுமே வெட்டும். திரும்பி இழுக்கையில் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அரத்தின் பல்தான் மழுங்கும். மண்வெட்டிக்கு ஏற்கெனவே சரிவு இருந்த பக்கத்தில் மட்டும், சுமார் 30 டிகிரி. அதைவிட மெலிந்தால் முதல் கல்லிலேயே வாய் உடையும்.

கருக்கரிவாளில் வரிகள் வெட்டிய பக்கத்தைத் தொடவே கூடாது. வழவழப்பான மறுபக்கத்தைச் சாணைக்கல்லில் மெல்லத் தேய்த்தால் பற்கள் தாமாகவே கூராகும். ஒன்றில் வரியே தேய்ந்து போயிருக்கிறது. அதற்குக் கொல்லரிடம் உளியால் புதுக் கருக்கு வெட்டுவதைத் தவிர வழியில்லை.

ஜனவரி 12
கோடாலிக் காம்பு. கண்ணுக்குள் சிக்கிய பழைய கட்டையை நெருப்பில் எரித்து எடுப்பது சுலபம்தான். ஆனால் சூடு வாய்வரை ஓடினால் 9ஆம் தேதி சொன்ன அதே கேடு. துளைபோட்டு உளியால் நெம்பி எடுத்தது.

புதுக் காம்பு நன்றாகக் காய்ந்த மரம், நார் நுனிவரை நேராக ஓட வேண்டும். நார் பக்கவாட்டில் வெளியேறும் இடத்தில்தான் ஒருநாள் முறியும். நுனியில் கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ரம்பத்தால் பிளவு. தலையை மாட்டி, காம்பைத் தலைகீழாகப் பிடித்து அடிக்கட்டையில் மரச் சுத்தியலால் தட்டினால், கீழே தொங்கும் இரும்புத்தலை அசையாமல் நிற்க, காம்பு அதற்குள் இறங்கும். பிறகு பிளவுக்குள் ஆப்பு.

ஆடும் காம்பைத் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அன்றைக்கு இறுகும். ஊதிய மரம் இரும்புக்குள் விரிய இடமின்றி நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிடச் சுருங்கும். ஒரு வாரத்தில் இன்னும் அதிகமாக ஆடும்.

ஜனவரி 15
காம்புகளுக்கு ஆளிவிதை எண்ணெய். மெல்லப் பூசி, 20 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுக்காவிட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஒரு நாள் இடைவெளியில் மூன்று பூச்சு. நார் குறுக்கே வெட்டுப்பட்ட நுனி முகம்தான் அதிகம் குடிக்கும், அங்கே கூடுதலாக ஒன்று. வார்னிஷ் வேண்டாம், வியர்த்த கையில் வழுக்கிக் கொப்புளம் போடும்.

துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போதே சூடு உண்டாகும்; சுருளுக்குள் அது வெளியேற வழியின்றி ஏறி, தானாகவே தீப்பிடிக்கும். இன்றைய துணிகள் வெளியே கொடியில், ஒன்றின்மேல் ஒன்று படாமல் விரித்துக் காய்கின்றன.