கிடங்கு கடல் தாண்டிப் போய் குடோனாகத் திரும்பிய கதை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் நான் தங்கிய விடுதியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ‘கொலாம் ரெனாங்’ என்று ஒரு பலகை. மலாயை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதால் என் கண் அதைக் ‘கோலம்’ என்றே படித்தது. மொட்டை மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தால் நீச்சல் குளம். ரெனாங் என்றால் நீச்சல். கொலாம், நம் குளம்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இங்கிருந்து வடக்கே, தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தைத் தோண்டி மணிக்கிராம வணிகர்களின் பொறுப்பில் விட்டதைச் சொல்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் குளம் வெட்டியிருக்கிறார்கள். சொல்லையும் விட்டுப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் காலை டாக்சியில் ஏறியதும் ஓட்டுநர் கேட்டார்: “அண்ணே, பசியாறியாச்சா?” மலேசியத் தமிழர்களுக்குக் காலை உணவு பசியாறல்தான். நாம் ‘டிபன் சாப்பிட்டாச்சா’ என்று கேட்டுப் பழகிப்போனோம். எவ்வளவு நல்ல சொல்லை வீட்டில் வைத்துக்கொண்டு வெளியே கடன் வாங்கியிருக்கிறோம் என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவராம். “தாத்தா வந்தது கப்பால்ல, நீங்க வந்தது கப்பால் தெர்பாங்ல” என்றார். மலாயில் கப்பால் என்றால் கப்பல்தான். தெர்பாங், பறப்பது. பறக்கிற கப்பல், விமானம்! பெயரடை பின்னால் வருவதால் நமக்குக் கொஞ்சம் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

லெபோ பசார் தெருவில் இறங்கினால் பக்கத்துக்குப் பக்கம் ‘கெடாய்’. கடை. ‘கெடாய் எமாஸ்’ நகைக்கடை. ‘கெடாய் குந்திங் ரம்புட்’ முடி திருத்தும் கடை. குந்திங் கத்தரி, ரம்புட் முடி. அதைப் படித்த கையோடு எதிரே வண்டியில் ரம்புத்தான் குவித்திருந்ததைப் பார்த்தேன். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்: சிவந்த தோல், நுனி மட்டும் பச்சையாக வளைந்த முடி. குற்றாலத்தில் எத்தனை தடவை வாங்கித் தின்றிருப்பேன்! முடியுள்ள பழம் என்றுதான் அதற்குப் பெயர் என்பது இத்தனை வருடம் தெரியாது.

இப்படிப் போன நம் சொற்களை எண்ணிப் பார்த்தால், வந்தவர்கள் யார் என்று அவையே காட்டிக்கொடுத்துவிடும். கப்பல், கடை, பெட்டி, ‘மோடால்’ ஆகிவிட்ட முதல். எல்லாமே வியாபாரியின் வாயிலிருந்து விழுந்தவை. அரசன், சமயம், மொழி போன்ற பெரிய விஷயங்களுக்கெல்லாம் மலாய் சமஸ்கிருதத்திடம் போயிருக்கிறது. ராஜா, அகாமா, பஹாசா. ஆனால் வியாபாரி கடையோடு நிற்கவில்லை, சம்பந்தமும் செய்திருக்கிறார். மலாயில் மணமக்களை ‘மெம்பெலாய்’ என்பார்கள், நம் மாப்பிள்ளைதான். அதிலும் மணப்பெண்ணுக்கு ‘மெம்பெலாய் பெரெம்புவான்’. பெண் மாப்பிள்ளை!

எல்லாச் சொல்லும் இப்படி இனிக்கவில்லை. 1801இல் இந்திய முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் கட்டிய பள்ளிவாசலின் பெயர் கப்பித்தான் கெலிங். கெலிங் என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் தென்னிந்தியர் எல்லோருக்கும் அதுவே சாதாரணப் பெயர். இன்று மலேசியத் தமிழரைப் பார்த்து அப்படிச் சொன்னால் அது வசை. ஓட்டுநரிடம் பள்ளிவாசலுக்கு வழி கேட்டபோது அவர் ‘கப்பித்தான் பள்ளி’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். நானும் அதற்குப் பிறகு அப்படியே சொன்னேன். அகராதியில் என்ன பொருள் இருந்தாலும், அடி வாங்கியவனுக்கு வலிக்கிறது என்றால் அந்தச் சொல் வலிக்கத்தான் செய்யும்.

சாயங்காலம் லெபோ சூலியா வழியாகக் கடற்கரைக்கு நடந்தேன். சூலியா என்று தமிழ் முஸ்லிம்களை அழைத்தார்கள். சோழ நாட்டார் என்பதன் திரிபு என்றே பலரும் கருதுகிறார்கள். தெருவின் கடல் பக்கத்து முனைக்கு ‘காட் லெபோ சூலியா’ என்று பெயர். காசியில் படித்துறைகளைச் சொல்கிறோமே, அதே காட்தான். அதையும் தாண்டினால் வெல்ட் கீ. துறைமுகச் சாலை.

அங்கே ஒரு பழைய சரக்குக் கட்டடத்தின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு, ஈரச் சாக்கு வாசனை. வாசலில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெரியவரிடம் “இது என்ன?” என்று சைகையில் கேட்டேன். “குடாங்” என்றார்.

கிடங்கு! தமிழ், தெலுங்குக் கரையிலிருந்து கிளம்பிய அந்தச் சொல்தான் மலாயில் குடாங் ஆகி, போர்த்துகீசியர் வாயிலும் புகுந்து, ஆங்கிலேயரிடம் ‘கோடவுன்’ ஆனது என்கிறார்கள். அவர்கள் அதை நம்மிடமே கொண்டுவந்து இறக்கினார்கள். நாம் அடையாளம் தெரியாமல், ஏதோ ஆங்கிலச் சொல் என்று நினைத்து, ‘குடோன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பெரியவரிடம் “கிடங்கு” என்று சொல்லிக் காட்டினேன். அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “கி-டாங்-கு.” தலையை ஆட்டிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்.