அம்மப்பாவின் செபப்புத்தகம்

யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுத் தம்பிமார், விடுதி நாட்களைப் பற்றியோ 'பொன் அணிகளின் போர்' என்ற கிரிக்கெட் போட்டியைப் பற்றியோ எழுதித் தரும்படி கேட்டார்கள். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். எனக்கு எழுத வேண்டும்போல் இருப்பது மதியம் பன்னிரண்டு மணியைப் பற்றி.

பெரிய கோயில் மணி அடிக்கும். எட்டாம் வகுப்பில் எங்களுக்கு அந்த நேரம் கணக்குப் பாடம். படிப்பித்த சேர் சைவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் கண்டதேயில்லை. மணிச்சத்தம் கேட்டதும் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். கத்தோலிக்கப் பிள்ளைகள் நாங்கள் எழும்பித் திருந்தாதி என்ற மாதா செபத்தைச் சொல்லுவோம். சைவப் பிள்ளைகளும் எழும்பிப் பேசாமல் நிற்பார்கள். இரண்டு நிமிடம். பிறகு விட்ட இடத்திலிருந்து கணக்குத் தொடரும்.

சம்பத்திரிசியாரில் படித்த எட்டு வருடத்தில் "நீ ஏன் கத்தோலிக்கன்?" என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. இலங்கையில் சமயம் ஓ.எல். சோதனைக்குக் கட்டாய பாடம். சமய பாட நேரம் வந்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும், முடிந்ததும் ஒன்றாகும். மற்றதெல்லாம் எங்கள் ஊர் பாஷையூரே பார்த்துக்கொண்டது. அந்தோனியார் கோயில் கொடியேறினால் பெருநாள். தவசுகாலம் வந்தால் வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், இரவில் யேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம். அம்மப்பா கடற்தொழில் செய்தவர், ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். அந்தப் பிரசங்கத்தை அவர் இழுத்துப் பாடத் தொடங்கினால் கோயில் விறாந்தையில் இருந்த பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைப்பார்கள். கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி முந்நூறு வருடத்துக்கு முன்னர் தமிழில் எழுதியது அது என்பதை நான் பின்னாளில்தான் அறிந்தேன். அப்போது அது அம்மப்பாவின் சொந்த அழுகை என்றே நினைத்திருந்தேன்.

1990இல் பாரிசுக்கு வந்தேன். இங்கே 1905ஆம் ஆண்டுச் சட்டம் கோயிலையும் அரசையும் பிரித்துவிட்டது. அரச பாடசாலையில் சமயம் ஒரு பாடமே இல்லை. 2004இலிருந்து மாணவர்கள் கண்ணில் குத்துகிற மாதிரி எந்தச் சமய அடையாளமும் அணிந்து போகக்கூடாது, சின்னச் சிலுவை சங்கிலியில் தொங்கினால் பரவாயில்லை. இந்த ஏற்பாட்டை நான் குறைசொல்ல வரவில்லை. கையில் ஒன்றுமில்லாமல் வந்து நின்ற எனக்கு "நீ எந்தச் சமயம்?" என்று கேட்காமல் தஞ்சம் தந்த நாடு இது. சமயத்தின் பெயரால் ஆளை ஆள் வெட்டிய நீண்ட வரலாறு இவர்களுக்கு உண்டு, அதற்கு இவர்கள் கண்ட மருந்து இது. ஆனால் அந்த மருந்தைக் குடித்து வளரும் பிள்ளைக்கு மணி அடிக்காது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

யோசிக்காமல் நாங்கள் செய்தவற்றைச் சொல்லுகிறேன். பிள்ளைகளைத் தமிழ்ப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு கொடுத்தோம். வருடத்துக்கொரு தரம் பஸ் பிடித்து லூர்து போனோம், பாரிசின் தமிழ்க் கடைத்தெரு லாச்சப்பலில் வாங்கிய இடியப்பப் பார்சல்களோடு. எல்லாம் நல்லவைதான், இப்போதும் செய்கிறோம். ஆனால் மகள் பதினாலு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலை விட்டு எழும்பாமல் கேட்டாள்: "அப்பா, இது தமிழ் விசயமா, கடவுள் விசயமா?" எனக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை. அவளுக்குச் சுவாமியின் தமிழ்ப் பிரசங்கத்தில் பாதி விளங்குவதில்லை. பக்கத்துப் பிரெஞ்சுக் கோயிலுக்குப் போனால் முன்வரிசையில் எட்டுக் கிழவிகள், நடுவில் இவள் ஒருத்தி. லிசேயில், அதாவது உயர்தரப் பாடசாலையில், கூடப் படித்த பிள்ளை, கெட்ட எண்ணத்தோடு அல்ல, உண்மையான ஆச்சரியத்தோடு, "நீ கெட்டிக்காரியாயிற்றே, உண்மையாகவே இதையெல்லாம் நம்புகிறாயா?" என்று கேட்டிருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒருவரும் கேட்காத கேள்வியை என் மகள் தனியே நின்று எதிர்கொண்டாள். மூன்று வருடம் அவள் கோயில் பக்கமே வரவில்லை. மனைவி செபமாலை சொல்லி அழுதா. நான் வேலை, ஓவர்டைம் என்று தப்பித்துக்கொண்டேன்.

பிறகு அவள் தானாகவே திரும்பி வந்தாள். வந்தது எங்கள் வழியால் அல்ல. பல்கலைக்கழகத்தில் ஒரு பிரெஞ்சுச் சிநேகிதி, தாய் தகப்பன் ஞானஸ்நானம்கூடக் கொடுக்காமல் வளர்த்த பிள்ளை, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்குத் துணையாகப் போகத் தொடங்கியவள்தான் இவள். 2025 பாஸ்காவில், அதாவது உயிர்த்த ஞாயிறுப் பெருநாளில், பிரான்சில் 10,384 வளர்ந்தவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள், முந்திய வருடத்தைவிட 45 வீதம் அதிகம். அவர்களில் பத்துக்கு நாலு பேர் பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். அதேநேரம் கைக்குழந்தை ஞானஸ்நானங்கள் குறைந்துகொண்டே போகின்றன. பரம்பரையாக வந்த வாசல் ஒடுங்க, தேடி வருகிறவர்களின் வாசல் அகலுகிறது. இதைப் பார்த்து ஊர் முழுக்கக் கோயிலுக்குத் திரும்பிவிட்டது என்று துள்ளுகிறவர்களோடு நான் சேரமாட்டேன், இந்தப் பெரிய நாட்டில் பத்தாயிரம் ஒரு கைப்பிடி. ஆனாலும் அது தெரிந்து எடுத்த கைப்பிடி.

ஒருநாள் மகள் தாயிடம் வெள்ளை லேஸ் முக்காடு ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள். "நாங்கள் விட்டதை இவள் ஏன் பொறுக்குகிறாள்?" என்று மனைவிக்கு அதிர்ச்சி. பழைய முறை லத்தீன் பூசைக்குப் போகப் போகிறாளாம். எனக்கும் அவளுக்கும் அன்று இரவு பெரிய வாக்குவாதம். பூசையைச் சனத்தின் மொழியில் வைக்க வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பிறந்தவன் நான். பலிபீடத்தில் தமிழ் கேட்டு வளர்ந்தவன். மிருதங்கமும் ஆர்மோனியமும் கோயிலுக்குள் வந்ததை என் தகப்பன் தலைமுறை ஒரு விடுதலையாகக் கொண்டாடியதை எனக்குத் தெரியும். "எங்கட மொழியில கடவுளோட கதைக்கக் கிடைச்சதை விட்டுட்டு, விளங்காத மொழிக்கு ஏன் போறாய் பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா, தமிழ்ப் பூசையில நான் தமிழ் சரியாத் தெரியாத பிள்ளை. பிரெஞ்சுப் பூசையில நான் வேற இடத்திலயிருந்து வந்த பிள்ளை. லத்தீன் அங்க நிக்கிற ஒருத்தருக்கும் வீட்டு மொழியில்லை. அங்க எல்லாரும் ஒரே தூரத்தில நிக்கிறம்."

அதற்குப் பிறகு அவளோடு நான் வாதாடவில்லை. உடன்பட்டுவிட்டேன் என்று இல்லை. 2021 ஜூலையில் பாப்பரசர் பிரான்சிஸ் பழைய முறைப் பூசைக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, திருச்சபையின் ஒற்றுமை குலையக்கூடாது என்ற அவருடைய கவலை எனக்கு விளங்கியது. ஒரு வழிபாட்டு முறை ஒரு கட்சியாக மாறக்கூடாது. ஆனால் என் மகள் அங்கே கட்சி தேடிப் போகவில்லை. முழங்காலில் இருக்க ஓர் இடமும், தன்னைவிடப் பழையதான ஒன்றும் தேடிப் போனாள். பாஷையூரில் அவை எங்களுக்குக் கேளாமலே கிடைத்தன.

அடுத்தது சார்த்ர் யாத்திரை. பெந்தக்கோஸ்தே சனிக்கிழமை பாரிசில் சென் சுல்பிஸ் கோயிலடியில் தொடங்கி, மூன்று நாளில் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் நடந்து, திங்கட்கிழமை சார்த்ர் மாதா பேராலயத்துக்குப் போய்ச் சேருவார்கள். இது 1983இல் தொடங்கியது. ஆனால் அந்தப் பாதை அதற்கும் முந்தியது, கவிஞர் சார்ல் பெகி தன் பிள்ளையின் சுகவீனத்துக்காக நேர்ந்து 1912இல் நடந்ததும் அங்கேதான். நேர்த்தி என்றால் என்ன என்று மடு மாதா கோயிலுக்கு நடந்த சனத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூனில் 19,000 பேர்வரை பதிந்திருந்தார்கள், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள். கூடாரத்தில் படுக்கை. கொடியும் சுருவமும் முன்னே போக, கோதுமை வயல்களுக்கு நடுவே செபமாலை. நடந்துகொண்டே சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம்.

தகப்பன் என்ற முறையில் எனக்குப் பயம் இருந்தது. சிலுவையைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டவரை வெறுக்கிறவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் எங்கள் நிறத்தில் ஒரு பெண்பிள்ளை. முதல் நாளே கூட நடந்த ஒரு பெடியன் அவளிடம் மரியாதையாகத்தான் கேட்டானாம், "உங்கள் குடும்பம் எப்போது மனம் திரும்பியது?" என்று. இவள் "பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னம்" என்று சொல்லியிருக்கிறாள். பிறகு அந்தப் பெடியனுக்கு அரை மணித்தியாலம் யாழ்ப்பாணக் கதை சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறாள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த கதை. சுவாமிமாரே இல்லாமல் ஏறக்குறைய முப்பது வருடம் சனம் வீடுகளுக்குள் செபத்தைக் காப்பாற்றி வைத்திருந்த கதை. 1687இல் யோசேவ் வாஸ் முனிவர் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து கதவு கதவாகத் தட்டிய கதை. இதெல்லாம் சமய பாட வகுப்பில் நான் படித்தது, அவள் சின்னப்பிள்ளையாய் இருக்கையில் நித்திரையாக்கச் சொன்னது. கதையைக் கேட்டாளோ இல்லையோ என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் கல்லூரியை நடத்தி வளர்த்த அமலமரித் தியாகிகள் சபை 1816இல் தொடங்கியது இந்தப் பிரான்சின் தெற்கே, எக்ஸ் நகரில். 1847இல் அவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். சபையை நிறுவிய புனித மசெனோ ஆண்டகையின் கல்லறை மார்செய் பேராலயத்தில் இருக்கிறது. வந்து முப்பத்தைந்து வருடமாகியும் நான் அங்கே போனதில்லை. இந்தக் கோடையில் மகள்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

என் அம்மா 2022இல் பாரிசில் கண்ணை மூடினா. அவவின் பெட்டிக்குள் அம்மப்பாவின் செபப்புத்தகம் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, சனம் முழுக்க மழைக்குள் சாவகச்சேரிப் பக்கம் நடந்த இரவில், அம்மா பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன புத்தகம் அது. கடைசி வெற்றுத் தாள்களில் அம்மப்பா பென்சிலால் ஏதோ எழுதியிருந்தார். எழுத்து தமிழ், சொல் தமிழ் இல்லை. எனக்கு ஒன்றும் பிடிபடாததால் மூடி வைத்துவிட்டேன்.

சார்த்ரிலிருந்து அவள் வந்த கிழமை, காலில் கொப்புளத்தோடு கதிரையில் சாய்ந்திருந்தபோது, அந்தப் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். "தாந்தும் ஏர்கோ சாக்கிறமேந்தும், வேனேறேமுர் சேர்ணுயி..."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா, அதை எங்கயிருந்து வாசிக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டு, நான் வாசித்த இடத்திலிருந்து பாடத் தொடங்கினாள். நற்கருணை ஆசீர்வாதத்துக்குப் பாடுகிற பாட்டு. ஆங்கிலமும் லத்தீனும் அறியாத அந்தக் கடற்தொழிலாளி காதால் கேட்டுத் தமிழில் எழுதி வைத்ததை, தமிழ் வாசிக்கத் தெரியாத பூட்டப்பிள்ளை ஒரு சொல்லும் பிசகாமல் பாடினாள். நடுவில் ஒரு வரியில் நிறுத்தி எனக்கு அர்த்தம் சொன்னாள்: "பழைய முறை புதிய வழிபாட்டுக்கு இடம் விடட்டும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஞாயிறு பின்னேரங்களில் அந்தப் பென்சில் தாள்களை வைத்துக்கொண்டு தமிழ் எழுத்துப் பழகுகிறாள். சத்தம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் எழுத்து கெதியாய்ப் பிடிபடுகிறது. ணகர, னகரம்தான் இன்னும் மாறிப்போகிறது. தாள்கள் முடிந்ததும் வியாகுலப் பிரசங்கத்தைத் தொடங்குவோம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த இராகம் எனக்கு முழுக்க ஞாபகமில்லை. பாஷையூர்ப் பக்கத்துப் பழைய மாணவர் எவருக்காவது தெரிந்தால், தயவுசெய்து எனக்கொரு தொலைபேசி எடுங்கள்.