புது ஜோடி டயர் பின்னாலதான் ஏறும்

நாலு டயரையும் ஒன்றாக மாற்றுகிற ஆள் எங்கள் பக்கம் குறைவு. இரண்டு வாங்குவார்கள், மீதியை அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். டயர் விற்கிற விலைக்கு அதில் தப்பே இல்லை. சண்டை அதற்கு அப்புறம்தான். "முன்னால போட்டுருங்க அண்ணாச்சி. இஞ்சின் முன்னால, ஸ்டியரிங் முன்னால, பிரேக்கும் முன்னாலதானே அதிகம் பிடிக்கு?" அத்தனையும் உண்மைதான். ஆனாலும் புது ஜோடி பின்னால்தான் ஏறும் என்று நான் பிடிவாதமாக நிற்பேன். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனவர்களும் உண்டு.

திருநெல்வேலி பைபாஸில் டயரும் அலைன்மென்ட்டும் (சக்கரங்கள் பார்க்கிற கோணத்தைச் சரிசெய்கிற வேலை) பார்க்கிறவனுக்கு அதிகம் வருகிற புகார் இது: "ஊருக்குள்ள நல்லாத்தான் போகுது, நூறைத் தொட்டா மிதக்குது." ஸ்டியரிங்கில் ஏதோ கோளாறு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் நான் முதலில் குனிந்து பார்ப்பது பின் சக்கரத்தை.

காரைத் திருப்புவது முன் சக்கரம், நேராக வைத்திருப்பது பின் சக்கரம். அம்புக்கு இறகை வாலில் கட்டுவது எதற்கோ, அதற்குத்தான் இதுவும். டயர் ரப்பர்தானே. பக்கவாட்டில் ஒரு விசை வந்தால், அது பார்க்கிற திசையிலேயே அச்சாகப் போகாது, சிறு கோணம் விலகித்தான் உருளும். முன் டயர் அதிகம் விலகினால் வண்டி வளைவில் சற்று அகலமாகப் போகும், அப்புறம் தானே அடங்கிவிடும். பின் டயர் அதிகம் விலகினால் கதை வேறு. வால் வெளியே போகும், மூக்கு இன்னும் உள்ளே திரும்பும், அதனால் வால் இன்னும் வெளியே போகும். இப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே எந்த வம்பும் இல்லை. அதைத் தாண்டினால் நேர் ரோட்டில் போவதே கயிற்றின்மேல் நடப்பது மாதிரி ஆகிவிடும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். "ஊருக்குள்ள நல்லாத்தான் போகுது" என்பதில் பொய்யே இல்லை.

அந்த எல்லை வேகம் எந்த வண்டியிலும் அச்சடித்திருக்காது. பின் டயரில் காற்று குறைந்தாலோ, டிக்கியில் பாரம் ஏறினாலோ, அது கீழே இறங்கும். கல்யாணத்துக்குப் போகிற வண்டியைப் பாருங்கள். ஐந்து பேர், டிக்கி முழுக்கப் பை, பின் டயரில் தனியாக ஓட்டும்போது வைத்திருந்த அதே 30 பிஎஸ்ஐ காற்றழுத்தம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் இவ்வளவு, முழு பாரத்துக்குப் பின்னால் இவ்வளவு என்று பல வண்டிகளில் தனித்தனியாகவே போட்டிருப்பான். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். என்னிடம் வருகிறவர்களில் அதைப் படித்தவர்கள் சொற்பம்.

புது டயர் விவகாரத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். தேய்ந்த டயர் காய்ந்த ரோட்டில் நன்றாகவே பிடிக்கும். ரப்பர் உயரம் குறைந்திருப்பதால் நெளிவும் குறைவு. "மொட்டையோட மதுரை வரைக்கும் போய்ட்டு வந்தேனே" என்கிறவர்களுக்கு இதனால்தான் தைரியம். கணக்குத் தீர்ப்பது மழை. புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும், சட்டம் அனுமதிப்பது 1.6 வரைக்கும். பள்ளத்தின் அடியில் சின்ன மேடாக ஒரு குறி இருக்கிறதே, அதன் உயரம் அதுதான். ரோட்டில் தேங்கிய தண்ணீரை வெளியே தள்ள இடமில்லாவிட்டால் டயர் தண்ணீர்மேல் ஏறி மிதக்கும். முன் டயர் மிதந்தால் ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிடும், கைக்குத் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் வந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். பின் டயர் மிதந்தால் கைக்கு ஒரு தகவலும் வராது. முதுகுக்குத் தெரிகிற நேரத்தில் வால் கிளம்பியிருக்கும். அப்போது பயந்து காலை எடுத்தால் பின்னால் இருக்கிற கொஞ்ச எடையும் முன்னால் போய் இன்னும் மோசமாகும். நல்ல ஜோடியைப் பின்னால் போடச் சொல்வதற்கு இவ்வளவுதான் காரணம்.

கார் செய்கிறவர்களுக்கு இது பழைய தலைவலி. நம்ம ஊரில் எல்லோரும் பார்த்த உதாரணம் நானோ. 2009-ல் வந்தது, 624 சிசி இஞ்சின் பின்னால். எடையில் பெரும்பகுதி பின்பக்கம் உட்கார்ந்தால் வால் முந்தப் பார்க்கும். அதனால் முன்னால் 135 மில்லிமீட்டர் அகல டயர், பின்னால் 155 என்று போட்டார்கள். வண்டியின் அதிகபட்ச வேகமே 105தான், அப்படியும் இந்தக் கவனம். இன்றைக்கும் பழைய நானோ வைத்திருக்கிறவர்கள் வந்து "நாலும் ஒரே சைஸ் போட்டுருங்க, மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்" என்பார்கள். மாட்டேன். அந்த 20 மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் காசு மிச்சம் பிடிக்கவோ அழகுக்காகவோ யாரும் வைக்கவில்லை.

இதே வேலையை அமெரிக்காவில் டயர் காற்றை வைத்தே செய்து பார்த்தார்கள். 1960 மாடல் செவ்ரோலே கார்வேர், ஆறு சிலிண்டர் இஞ்சின் பின்னால். முன் டயருக்கு 15 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 26 என்பது கம்பெனி சொன்ன கணக்கு. முன்னால் வேண்டுமென்றே தளர்வாக விட்டால் முன் டயர் முதலில் விலகும், வால் அடங்கியிருக்கும். காகிதத்தில் அருமையான யோசனை. பங்கில் காற்றுப் பிடிக்கிற பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நாலுக்கும் சமமாக அடித்துவிட்டால் வடிவமைப்பே கவிழ்ந்துபோகும். பெரிய சர்ச்சையாகி, 1965 மாடலில் பின் சஸ்பென்ஷனையே (சக்கரத்தைத் தாங்குகிற அமைப்பை) மாற்றினார்கள். 1972-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட சோதனை அறிக்கை, முதல் மாடல்கூட அந்தக் காலத்து மற்ற கார்களைவிட மோசமில்லை என்றது. இருக்கலாம். ஆனால் உயிர் காக்கிற விஷயத்தைக் காற்று அடிக்கிறவனின் ஞாபகத்தில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது கதை ஜெர்மனியில். 1998-ல் வந்த ஆடி டிடி, கண்ணை எடுக்க முடியாத கார், எங்கே தொட்டாலும் உருண்டை. காற்றுக்கும் அந்த உருண்டை பிடித்துப்போனதுதான் சிக்கல். பின்பக்கச் சரிவில் காற்று ஒட்டிக்கொண்டே வளைந்து இறங்கினால் அது வாலை மேலே தூக்கும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: 60-லிருந்து 120-க்குப் போனால் நாலு மடங்கு, 180-க்குப் போனால் ஒன்பது மடங்கு. டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன்மேல் எடை உட்காரவில்லை என்றால் எதைப் பிடிக்கும்? ஆட்டோபான் என்கிற ஜெர்மன் ஹைவேயில் 180-க்கு மேல் போய்க்கொண்டிருந்தபோது சட்டென்று லேன் மாற்றியவர்களுக்கு விபத்துகள் நடந்தன. கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்து டிக்கி மூடியின் விளிம்பில் ஒரு சின்ன இறக்கையை ஒட்டியது, சஸ்பென்ஷனை மாற்றியது, வண்டி சறுக்கினால் தானாகப் பிரேக் பிடித்து நேராக்குகிற இஎஸ்பி பொருத்தியது. பார்க்கச் சாதாரணமான பட்டைதான் அந்த இறக்கை. காற்றை ஒட்டவிடாமல் அந்த விளிம்பிலேயே வெட்டிவிடுவது அதன் வேலை. (நம்ம ஊர் அக்சசரீஸ் கடையில் டபுள் டேப் வைத்து ஒட்டுகிற இறக்கையை இதோடு சேர்க்காதீர்கள். காற்றுச் சுரங்கத்தில் பார்க்காத இறக்கை வெறும் அலங்காரம். 100-ல் பிய்ந்து பின்னால் வருகிறவன் கண்ணாடியில் விழாமல் இருந்தால் சரி.)

எங்களுக்கு ஆட்டோபான் வேண்டாம், முப்பந்தல் போதும். காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் போகிற ரோட்டில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வருகிற மாதங்களில் ஓட்டிப் பாருங்கள். காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டிருக்கிறார்கள்? அங்கே லாரியை முந்துவதுதான் பரீட்சை. லாரியின் மறைவுக்குள் போனதும் பக்கக்காற்று நின்றுவிடும், அதுவரை எதிராகப் பிடித்திருந்த ஸ்டியரிங் வண்டியை லாரி பக்கம் இழுக்கும். லாரியின் மூக்கைத் தாண்டியதும் காற்று மொத்தமாக முன்பக்கத்தில் அறையும். பெரும்பாலான கார்களில் பக்கக்காற்றின் விசை நடுவில் விழாது, சற்று முன்னால்தான் விழும். மூக்கு தள்ளப்படும்போது எதிர்த்து நிற்க வேண்டியது பின் டயர். கேரியரில் சாமான் கட்டிய உயரமான வண்டியில், பின் டயரில் காற்றும் குறைவு என்றால், பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்புவது நியாயம்தான்.

அப்புறம் அலைன்மென்ட். சின்ன கார்கள் பலவற்றில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே பீம்தான், திருகிச் சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை. அதனால் சில கடைகளில் பின் சக்கர அளவு திரையில் சிவப்பாக நின்றாலும் முன்னால் மட்டும் பச்சையாக்கி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பெரிய குழியில் இறங்கிய பீம் லேசாக வளைந்திருந்தால் பின் சக்கரம் ஒன்று வெளியே பார்க்கும், வண்டி நேராகவே நிற்காது. மெஷின் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுவென்று போய், மறு திசையில் டயரின் ஒவ்வொரு ரப்பர் கட்டையின் விளிம்பும் விரலைப் பிடித்தால் அந்தச் சக்கரம் கோணலாக இழுபட்டு ஓடுகிறது. சிலவற்றுக்கு இடையில் ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம், ரொம்ப வளைந்திருந்தால் பீமையே மாற்ற வேண்டும். செலவுதான். வேண்டாம் என்றால் நான் வற்புறுத்துவதில்லை. பின் சக்கர எண்களைப் பேனாவால் வட்டமிட்டு, பிரின்ட் எடுத்த தாளைக் கையில் கொடுத்துவிடுவேன். அடுத்து எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.